வன்தட்டுத் திரட்டிற் பெயரும் இடமும்

பெயர்களை இடுகுறிப்பெயரென்றும் காரணப்பெயரென்றும் இருவகையாகப் பகுப்பது நம் இலக்கண நூலார் வழக்கு. காரணம் யாதும் பற்றாது தொன்றுதொட்டு வழங்கிவருவது இடுகுறி. பொருளின் தன்மை, தொழில், இடம் முதலியவற்றுள் ஒன்றைப் பற்றி வருவது காரணம். மரம், மண் என்பன முன்னதற்கும், பறவை, அணி என்பன பின்னதற்கும் உதாரணமாவன. நன்னூல் கற்ற மாணாக்கர் யாவரும் அறிந்த இப்பாகுபாடு, கணினியின் வன்தட்டுக்களை ஒழுங்குசெய்யும் கருமத்திலும் பயன்படுவதொன்றாகும். ஒரேயொரு தட்டுள்ள கணினியில் அத்தட்டுக்கு என்ன பெயரிட்டாலும் கேடில்லை. எட்டுத் தட்டுக்களை ஒரு பெட்டியில் அடுக்கி, அவையனைத்தையும் ஒரே களஞ்சியமாக்கி, பல்லாண்டுகளாகச் சேர்த்த படங்களையும் பத்திரங்களையும் அதில் இட்டுவைத்திருப்பவருக்கோ பெயரென்பது உயிர்நிலையான விடயம். ஒருநாள் அவ்வெட்டில் ஒன்று பழுதுபடும். எதனைக் கழற்றுவது என்ற வினா அப்பொழுது எழும். அதற்கு விடைகூற வேண்டியவை அவர் முன்னரே இட்டுவைத்த பெயர்களே.

விண்டோஸ் முறைமையில் தட்டுக்களை ஆங்கில நெடுங்கணக்கின் தனியெழுத்துக்களால் அழைக்கிறோம். இவ்வழக்கம் எவ்வாறு வந்ததென்பதைச் சிறிது நோக்குவாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளில் வழங்கிய சீ.எம்.எஸ். என்னும் முறைமையிலேயே தட்டுக்களுக்குத் தனியெழுத்துக்கள் வழங்கின. 1974இல் கேரி கில்டால் என்பார் சிறு கணினிகளுக்காக ஆக்கிய சீ.பி/எம். முறைமையும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனோடு வந்த டொஸ் முறைமை இதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. அக்கணினியிலே புளொப்பி எனப்படும் நெகிழ்தட்டுச் செலுத்திகள் இரண்டு இருக்கலாம். அவை முதலிரண்டு எழுத்துக்களாகிய ஏ, பி என்பவற்றைப் பெற்றன. 1983இல் வந்த எக்ஸ்.ரி. என்னும் கணினியில் 10 மெகாபைற்று வன்தட்டு ஒன்று அமைந்தது. முன்னிரு எழுத்துக்களும் ஏற்கெனவே உரிமையாகிவிட்டமையால் அது மூன்றாமெழுத்தாகிய சீ என்பதைப் பெற்றது. நெகிழ்தட்டு இன்று கணினிகளை விட்டு மறைந்துவிட்டது. வன்தட்டோ இன்னும் சீ எழுத்திலேயே நிற்கின்றது. மூன்றாவதாக வந்தமையாற் பெற்ற பெயர், அக்காரணம் மறைந்தபின் வெறும் இடுகுறியாய் நிலைத்துவிட்டது.

இவ்விடுகுறிக்குக் குறைகள் உள. முதலாவது, எழுத்துக்கள் 26 மாத்திரமே. நெகிழ்தட்டுக்குரிய இரண்டும் போக, வலையமைப்பிலுள்ள பகிர்வுகளும், யூ.எஸ்.பி. சிறுகோல்களும், நினைவட்டை வாசிப்பிகளும் தத்தமக்கு எழுத்துக் கேட்கும். நினைவட்டை வாசிப்பி ஒன்றே நான்கு எழுத்துக்களை விழுங்குவதுண்டு. இரண்டாவது குறை பெரிது. எழுத்தானது தட்டில் எழுதப்பட்டிருப்பதன்று. அஃது அக்கணினியின் விண்டோஸ் தன் பதிவேட்டில் வைத்திருக்கும் ஒரு குறிப்பு. தட்டின் உள்ளடையாளத்தைக் கண்டு, 'இதற்கு முன்பு இவ்வெழுத்து வழங்கினோம்' என்று அது நினைவுகூர்கின்றது. அத்தட்டை வேறொரு கணினியிற் பூட்டினாலும், விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் அந்நினைவு அற்றுப்போம். தட்டு வேறோர் எழுத்திலே தோன்றும். ஆகவே எழுத்தைத் தட்டின் பெயரென்று கொள்வது தவறு. விடுதியில் மாணவன் தங்கும் அறையின் இலக்கத்தையே அவன் பெயராகக் கொள்வது போன்றது அது.

பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் ஆக்கிய யூனிக்ஸ் முறைமை இவ்விடத்து வேறு நெறியைக் கைக்கொண்டது. அம்முறைமையைப் பற்றி அவ்விருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இது விளக்கப்பட்டுள்ளது. அங்கே தட்டுக்குத் தனியெழுத்து இல்லை. வேர் ஒன்று, அதினின்றும் கிளைக்கும் கோப்புறைகள் பல, எல்லாஞ் சேர்ந்து ஒரே மரம். புதிய தட்டொன்றைச் சேர்க்க விரும்பினால், அம்மரத்தின் ஓரிடத்திலே அதனைப் பொருத்தல் வேண்டும். பொருத்தியபின், அவ்விடத்தினுள் நுழைபவர் தாம் வேறொரு தட்டினுட் புகுந்ததை உணரார். ஒட்டுக்கிளை கட்டிய மாமரத்திலே எது தாய்மரம், எது ஒட்டு என்று பழம் பறிப்பவர் ஆராய்வதில்லை. தட்டு இவ்வாறு ஒட்டப்படும் இடத்தை ஆங்கிலத்தில் 'மவுண்ட் பொயின்ற்' என்பர். நாம் பொருத்துமிடம் எனலாம். அதற்கு நாம் விரும்பிய காரணப்பெயரை விரும்பிய நீளத்திற்கு இடலாம் என்பதே அதன் சிறப்பு.

டொஸ் முறைமையிலும் 'ஜொயின்' என்றொரு கட்டளை ஒருகாலத்தில் இருந்தது. ஒரு தட்டை மற்றொன்றின் வெறுங்கோப்புறையோடு அது இணைக்கும். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 முறைமையிலேதான் பொருத்துமிடம் செம்மையான வடிவத்தில் வந்தது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொருத்தப்படும் இடமாகிய கோப்புறை வெறுமையாயிருத்தல் வேண்டும், அக்கோப்புறை என்.ரி.எவ்.எஸ். வகையாகப் போமற் செய்யப்பட்ட தட்டில் இருத்தல் வேண்டும். செய்முறை எளிது. விண்டோஸின் தட்டு முகாமைப் பகுதியைத் திறந்து, உரிய பிரிவின்மீது வலப்பொத்தானை அழுத்தி, எழுத்தையும் பாதையையும் மாற்றுதற்குரிய கட்டளையைத் தெரிந்து, வெறுங்கோப்புறையைச் சுட்டினாற் போதும். ஒரே பிரிவுக்கு எழுத்தும் இருக்கலாம், பொருத்துமிடமும் இருக்கலாம். எழுத்தை நீக்கிப் பொருத்துமிடத்தை மாத்திரம் வைத்துக்கொள்ளவும் ஆகும். எழுத்து ஒன்றுதான் இருக்கலாம். பொருத்துமிடங்கள் பல இருக்கலாம்.

இனித் திரட்டு என்பதற்கு வருவோம். ஆங்கிலத்திற் 'பூல்' எனப்படுவது இது. பல தட்டுக்களின் கொள்ளளவை ஒன்றாக்கி, ஒரே பெருந்தட்டுப் போலக் காட்டுவது அதன் தொழில். வகையால் அஃது இரண்டாகும். ஒருவகையிலே, தட்டுக்கள் சிறு சிறு துண்டங்களாக அறுக்கப்பட்டு, ஒரே கோப்பின் துண்டங்கள் பல தட்டுக்களிற் பரந்து கிடக்கும். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த 'ஸ்ரோறேஜ் ஸ்பேசஸ்' இவ்வகையினது. இதிற் சேர்க்கப்பட்ட தட்டுக்கள் தட்டு முகாமைப் பட்டியலினின்றும் மறைந்துவிடும். அவற்றுக்குத் தனித்தனி எழுத்தும் இல்லை, பொருத்துமிடமும் இல்லை. மற்ற வகையிலே ஒவ்வொரு கோப்பும் முழுமையாக ஏதேனும் ஒரு தட்டிலே இருக்கும். பல தட்டுக்களின் கோப்புறைகளை ஒன்றின்மேலொன்றாகப் போர்த்தி ஒரே கோப்புறைபோலக் காட்டுவதே திரட்டின் வேலை. விண்டோஸில் 'ட்றைவ்பூல்' என்னும் மென்பொருளும், லினக்ஸில் 'மேர்ஜர்எவ்எஸ்' என்பதும் இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகையில் ஒரு தட்டைக் கழற்றி வேறு கணினியிற் பூட்டினாலும் அதிலுள்ள கோப்புக்களை நேரே படிக்கலாம். வீட்டிலும் பாடசாலையிலும் வைத்திருக்கத்தக்கது இதுவே என்பது என் துணிபு. வேகம் சற்றுக் குறைந்தாலுங் குறையட்டும்.

பெயர்களைப் பற்றிய நம் ஆராய்ச்சிக்கு 2007இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் வெளியிட்ட 'விண்டோஸ் ஹோம் சேர்வர்' நல்லதொரு பாடம். அதிலிருந்த திரட்டின் பெயர் 'ட்றைவ் எக்ஸ்டெண்டர்'. முதற்றட்டில் 20 கிகாபைற்று அளவான சீ பிரிவு முறைமைக்கும், எஞ்சிய டி பிரிவு பொருள்களுக்கும் உரியன. பின்னர்ச் சேர்க்கப்படும் தட்டுக்கள் எழுத்தெதுவும் பெறாமல், சீ பிரிவில் எவ்.எஸ். என்ற கோப்புறையின் கீழ்ப் பொருத்தப்பட்டன. வீட்டார் கண்டது பகிர்வுகளை மாத்திரமே. எக்கோப்பு எத்தட்டில் உறைகின்றதென்பதை அவர் அறியவேண்டியதில்லை. இவ்வமைப்பு மிக அழகியது. ஆயினும், பல தட்டுக்கள் பூட்டிய பெட்டிகளிற் சில மென்பொருள்கள் கோப்புக்களை நேரே திருத்தும்பொழுது அவை சிதைவுறுவதாக 2007ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனமே அறிவித்தது; திருத்தம் 2008 நடுப்பகுதியிலேதான் வந்தது. 2010 நவம்பரில், அடுத்த பதிப்பில் இத்திரட்டே இராதென்று அறிவித்தார்கள். 2011இல் வந்த பதிப்பு அவ்வாறே வந்தது. ட்றைவ்பூல் போன்ற மென்பொருள்கள் பெருகியது அவ்வெற்றிடத்தில். அப்பெட்டியின் திரட்டு மறைந்தாலும், எழுத்தில்லாத தட்டுக்களை ஒரு கோப்புறையின் கீழ் அணிவகுத்து வைக்கும் அதன் முறை இன்றும் பின்பற்றத்தக்கதேயாம்.

அம்முறையைத் தழுவி ஓர் ஒழுங்கைக் கூறுகின்றேன். முறைமை இருக்கும் தட்டு சீ. திரட்டுக்கு ஓரெழுத்து. அதனை நெடுங்கணக்கின் பிற்பகுதியினின்றும் எடுத்தல் நன்று. ஏனெனில், புதிதாகச் செருகப்படும் யூ.எஸ்.பி. கோல்கள் முன்னின்று வெறுமையாயுள்ள எழுத்தையே பிடித்துக்கொள்ளும். காதுக்கு மயக்கந் தராத எழுத்தாகவும் இருத்தல் வேண்டும். தமிழில் எழுதும்போது 'பி' என்பது ஆங்கிலத்தின் இரண்டாமெழுத்தோ பதினாறாமெழுத்தோ என்று தெரியாது. தொலைபேசியிற் சொல்லும்போது டீயும் ரீயும் ஒன்றாகக் கேட்கும். எம் அல்லது எக்ஸ் போன்ற எழுத்து நலம். அவ்வெழுத்தை ஒருமுறை வைத்தபின் மாற்றலாகாது. படத் தொகுப்பு மென்பொருள்களும் குறுக்குவழிகளும் அதனையே மனனஞ்செய்து வைத்திருக்கும்.

திரட்டின் உறுப்புக்களாகிய தட்டுக்களுக்கோ எழுத்தே வேண்டாம். எழுத்திருந்தாற் கெடுதியும் உண்டு. ட்றைவ்பூல் ஒவ்வோர் உறுப்புத் தட்டிலும் மறைவான ஒரு கோப்புறையை ஆக்கி, திரட்டுக்குரிய யாவற்றையும் அதனுள்ளே வைக்கின்றது. உறுப்புத் தட்டு தனக்கென ஓர் எழுத்தோடு கண்முன்னே நிற்குமாயின், விடயமறியாத ஒருவர் அதனைத் திறந்து அம்மறைகோப்புறைக்கு வெளியே தம் பத்திரங்களை இட்டுவிடுவர். அவை திரட்டிற் சேரா. திரட்டு தன் கோப்புக்களை இருபடியாகக் காத்துவருவதாயினும் அவற்றுக்கு அக்காவல் இல்லை. அத்தட்டு இறக்கும் நாளிலேதான் இவ்வுண்மை வெளிப்படும். அன்றியும், விண்டோஸ் படிக்கமாட்டாத தட்டு ஒன்று எழுத்தோடு தோன்றினால், அதனைப் போமற் செய்யும்படி கேட்கும் அறிவிப்பு எழும். யாரேனும் அதற்கு ஆமென்று அழுத்திவிடக்கூடும். எழுத்து நீங்கின் இவ்விரு வாயில்களும் அடைபடும்.

எழுத்தை நீக்கியபின் பொருத்துமிடமும் எதற்கென்று வினவலாம். திரட்டு இயங்குதற்கு அது வேண்டியதில்லை. நாம் தட்டை அணுகுதற்கே வேண்டும். பிழை நாடும் 'செக்டிஸ்க்' கட்டளை எழுத்தைப்போலவே பொருத்துமிடத்தின் பாதையையும் ஏற்கும். 'ஸ்நாப்றெயிட்' போன்ற மென்பொருள்கள், தரவுத் தட்டுக்களைத் தனித்தனியே படித்துக் கணித்த சமநிலைத் தகவலை வேறொரு தட்டில் எழுதி, ஒன்று பழுதானால் அதன் உள்ளடக்கத்தை மீட்டுத் தருவன. அவற்றுக்கு ஒவ்வொரு தட்டின் பாதையையும் தனியே சொல்லவேண்டும். சீயில் 'தட்டுக்கள்' என்றொரு கோப்புறை ஆக்கி, அதனுள் உறுப்புத் தட்டொன்றுக்கு ஒன்றாக வெறுங்கோப்புறைகள் வைத்துப் பொருத்திவிட்டால், யாவும் ஒரே பார்வையில் தெரியும்.

அக்கோப்புறைகளுக்கு என்ன பெயரிடுவது? கருமம் முழுதும் தங்கியிருப்பது இதிலேதான். தட்டு 1, தட்டு 2 என எண்ணிடுவோர் பலர். பெட்டியில் இருக்கும் தட்டுகள் நாளடைவில் இடம் மாறும். சிறியது போய்ப் பெரியது வரும். மூன்றாம் எண் நீங்கியபின் புதிதாக வந்ததும் மூன்றோ ஒன்பதோ என்ற ஐயம் எழும். தட்டின் கொள்ளளவைப் பெயராக்குவோரும் உளர். ஒரேநாளில் வாங்கிய நான்கு தட்டுக்களுக்கு அஃது உதவாது. உள்ளிருக்கும் பொருளைப் பெயராக்குதல் தனித் தட்டுக்குப் பொருந்தும், திரட்டில் உறுப்புக்குப் பொருந்தாது. படங்கள் எத்தட்டில் என்பதைத் தீர்மானிப்பது திரட்டேயன்றோ. ஆகையாற் காரணம் தட்டின் உடம்பிலேயே கிடத்தல் வேண்டும். ஒவ்வொரு தட்டின் மேற்சீட்டிலும் அதனைச் செய்தவர் ஒரு தொடரிலக்கம் அச்சிட்டிருக்கின்றனர். அதன் இறுதி நான்கு குறியீடுகளை எடுத்து, பொருத்துமிடக் கோப்புறைக்கும், அப்பிரிவின் பெயர்க்குறிக்கும், தட்டின் வெளியிலே நாம் ஒட்டும் சீட்டுக்கும் ஒன்றாகவே இடுதல் வேண்டும். பெயர்க்குறியானது எழுத்தைப்போலக் கணினியின் பதிவேட்டில் இருப்பதன்று, தட்டிலேயே எழுதப்படுவது. எக்கணினிக்குச் சென்றாலும் அது கூடவே செல்லும்.

இதன் பயன் தட்டொன்று பழுதாகும் நாளிலே விளங்கும். தட்டுக்களின் நலம் பார்க்கும் மென்பொருள்கள் தொடரிலக்கத்தைக் காட்டித்தான் இன்ன தட்டு நலிந்ததென்று கூறும். அவ்விலக்கத்தின் இறுதி நான்கையும் பெட்டியில் ஒட்டிய சீட்டிற் கண்டால் கை நேரே அங்கே செல்லும். சீட்டில்லாதவர் ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்ப்பர். ஒரு தட்டின் இழப்பை மாத்திரம் தாங்கும் துண்டத் திரட்டில், ஒன்று ஏற்கெனவே இறந்திருக்க, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியினின்றும் நலமான மற்றொன்றைப் பிடுங்கினால், திரட்டு முழுதும் அக்கணமே நின்றுவிடும். அதனினும் கொடியது, புதுத்தட்டைப் போமற் செய்வதாக எண்ணி நலமான உறுப்பைப் போமற் செய்துவிடுவது. தட்டு முகாமைப் பட்டியலிலே பெயரும் எழுத்துமில்லாத பிரிவுகள் யாவும் ஒரேவிதமாகவே தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை: யூ.எஸ்.பி. வழியாகப் பூட்டும் சில பெட்டிகள் தட்டின் தொடரிலக்கத்தை மறைத்துத் தம் இலக்கத்தையே காட்டும். அத்தகைய பெட்டியிற் தட்டுக்களைப் பூட்டுமுன்னரே சீட்டைப் படித்து எழுதிக்கொள்ளவேண்டும்.

பொருத்துமிடத்துக்கும் சில தீங்குகள் உள. பொருத்தியபின் ஒரே கோப்பு இருவழியாகத் தோன்றும்: திரட்டின் எழுத்து வழியாக ஒன்று, உறுப்பின் கோப்புறை வழியாக மற்றொன்று. சீயை முழுதாகப் படியெடுக்கும் மென்பொருள் பொருத்துமிடங்களையும் ஊடுருவிச் செல்லுமாயின், திரட்டு முழுதையும் இரண்டாமுறை படியெடுக்க முயன்று இடமின்றித் திணறும். சில மென்பொருள்கள் ஊடுருவா. அவற்றை நம்பியிருப்பவரின் படி குறைபட்டிருக்கும். எதுவென்பதைச் சோதித்தறிதல் வேண்டும். எஞ்சிய இடத்தைக் கணிக்கும் மென்பொருள்களிற் பல சீயின் இடத்தையே கண்டு, பொருத்திய தட்டில் இடமிருந்தும் இல்லையென்று மறுக்கும். பொருத்துமிடக் கோப்புறை வேண்டாதபோது, அதனைச் சாதாரண கோப்புறையென்று எண்ணி அழித்தலாகாது. அழிக்கும் கட்டளை உள்ளே புகுந்து தட்டிலுள்ளவற்றையும் அழித்துவிடக்கூடும். முதலிலே தட்டு முகாமைப் பகுதியிற் பொருத்தை நீக்கி, வெறுமையானதன்பின் அழித்தல் முறை. விண்டோஸைப் புதிதாக நிறுவுவோர் சீயைப் போமற் செய்தால் பொருத்துமிடங்களும் போய்விடும் என்பதையும் மறத்தலாகாது. திரட்டு தன் மறைகோப்புறைகளைக் கண்டு தானே மீண்டெழும், பொருத்துமிடங்களை நாமே மீண்டும் ஆக்கவேண்டும். பெயர்க்குறி தட்டிலிருப்பதால் அது கால்மணி நேர வேலை.

லினக்ஸ் வழங்குவோருக்கு வேறொரு பொறி காத்திருக்கின்றது. அங்கே பொருத்துமிடம் உண்மையான ஒரு வெறுங்கோப்புறை. தட்டு அதன்மேல் வந்து கவிகின்றது. ஏதோ காரணத்தால் தட்டு வரவில்லையாயின் அக்கோப்புறை வெறுமையாய்த் திறந்தே கிடக்கும். இரவிற் படியெடுக்கும் நிரல் அதனுள்ளே எழுதிக்கொண்டேயிருக்கும். முறைமைத் தட்டு நிரம்பி, காலையில் கணினியே நின்றுவிடும். மறுமுறை தட்டு வந்து கவியும்போது இரவில் எழுதிய யாவும் அதன் கீழே மறைந்துபோம். விண்டோஸில் இவ்வாறன்று, தட்டு இல்லாதபோது பொருத்துமிடம் பிழையறிவித்து மறுத்துவிடும். ஆதலின் லினக்ஸில் வெறுங்கோப்புறையைப் பொருத்துமுன்னரே எழுதவியலாதபடி பூட்டிவைப்பர் அறிந்தோர். அங்கே எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என வரும் பெயர்கள் தட்டுக்கள் கண்டறியப்படும் வரிசைப்படி வழங்கப்படுவன, மறுதொடக்கத்தில் மாறலாம். தட்டின் தனியடையாள எண்ணையோ பெயர்க்குறியையோ கொண்டு பொருத்துவதே நிலையானது.

கடைசியாக ஒன்று. தட்டின் தொடரிலக்கம், பெயர்க்குறி, பெட்டியில் எத்தனையாம் அறை, வாங்கிய ஆண்டு மாதம் என்பவற்றை ஒரு தாளில் மையால் எழுதிப் பெட்டியின் கதவினுட்புறத்தில் ஒட்டுதல் வேண்டும். அப்பட்டியலை ஒரு கோப்பாக்கித் திரட்டினுள்ளேயே வைத்திருப்போரைக் கண்டிருக்கிறேன். திரட்டு திறவாத நாளிலேதான் அப்பட்டியல் தேவைப்படும். தட்டு மாற்றும்போது பழைய வரியை அழியாது ஒரு கோடிட்டு வெட்டி, நாளைக் குறித்து, கீழே புதிய வரி எழுதுக.